ஜூன் மாசத் தட்டு

“வருஷத்துல ஒரு நாளுதான் அக்கா நாம கிறிஸ்தவங்க. மிச்ச நாளெல்லாம் நாம யாரு?”

பெனினா தோள்ல கெடந்த பையைக்கூட எறக்கல. பஸ்ஸ விட்டு எறங்கி, தேரிக்காட்டுச் செம்மண்ணு கண்ணுல வாரி அடிக்க அடிக்க ஒரு மைல் நடந்து வந்து, நின்ன நெலையிலேயே கேட்டா.

டார்கஸ் அக்கா முருங்கைக்காயக் கட்டு போட்டுக்கிட்டு இருந்தா. தலைய நிமித்தல.

“மிச்ச நாளு எத்தன?”

“முந்நூத்தி அறுவத்தி நாலு.”

“லீப் வருஷம்னா?”

“கேலி பண்ணாதிய.”

“சரி, உக்காரு. அந்த வாழநார இப்படி எடு.”

டார்கஸ் அக்கா முன்னால ஆஸ்பத்திரில நர்ஸா இருந்தவ. ஒரு நாளு வேலைய விட்டுட்டு வந்து, ஊருக்கு வெளிய ஒத்த ரூமும் இருவது முருங்கை மரமுமா உக்காந்துட்டா. பிரசங்கம் பண்ண மாட்டா. ஜெபம் பண்ணுங்கன்னு யாராவது வந்து நின்னா தண்ணி குடுத்து அனுப்பிருவா. அப்படியும் ஜனம் வரும். அவகிட்ட சண்டை போட்டுட்டுப் போனா மனசு தெளியுதும்பாங்க.

சண்டை போடுறதுல பெனினாவ அடிச்சுக்க ஆளு கெடையாது. சட்டக் கல்லூரில கடைசி வருஷம். வாத்தியாருங்களே அவளக் கண்டா வராண்டா மாறிப் போவாங்க.

அந்த ஊருல ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்மஸ் அன்னைக்கு ஆராதனை முடிஞ்சதும் மொதத் தட்டுப் பலகாரம் பகையாளி வீட்டுக்குத்தான் போகணும். சொந்தக்காரங்களுக்கு அப்புறம். சிநேகிதங்களுக்கு அதுக்கும் அப்புறம். ரொம்ப காலத்துக்கு முன்னால ஒரு பாதிரியார் போட்ட சட்டம். வீட்டுக்காரனே தட்டத் தூக்கிட்டுப் போகணும். அந்த வாசல்ல நிக்கணும். உள்ள கூப்பிட்டாப் போயி ஒரு வாய்த் தண்ணியாவது குடிச்சுட்டு வரணும்.

பாதிரியார் செத்தாரு. அடுத்த வருஷமே வீட்டுக்காரனுக்குக் கால் வலி வந்துட்டு; பொண்டாட்டிய அனுப்புனான். அப்புறம் பொண்டாட்டிக்கும் கால் வலி வந்துச்சு, வேலைக்காரிய அனுப்புனாங்க. கடைசில கோயில் கமிட்டி ஒரு கண்டுபிடிப்பு பண்ணுச்சு. எல்லாரும் தட்டக் கோயில் வராண்டாவுக்குக் கொண்டாங்க, டோக்கன் போட்டு நாங்களே மாத்தி விட்டுருதோம், யாரும் யாரு மூஞ்சிலயும் முழிக்க வேண்டாம்.

“எங்க டோக்கன் பதினேழு,” ன்னா பெனினா. “செயலாளர் மைக்கப் புடிச்சுக்கிட்டு நிக்காரு. ‘பதினேழு, பதினெட்டு, சமாதானம். பத்தொம்போது, இருவது, சமாதானம்.’ ரேஷன் கடை தோத்துது. எங்க தட்டு பதினெட்டாம் நம்பர் லிவிங்ஸ்டன் வீட்டுக்குப் போச்சு. அவங்க தட்டு எங்களுக்கு வந்துச்சு. போட்டோகூட எடுத்தாங்க.”

“தட்டுல என்ன இருந்துச்சு?”

“முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு.”

“தின்னியா?”

“அந்த வீட்டுப் பலகாரத்தயா? வாத்துக்குப் போட்டேன்.”

“வாத்து தின்னுச்சா?”

“தின்னுச்சு.”

“நல்லது. ஒங்க வீட்டுல ஒண்ணாவது சமாதானமாயிட்டு.”

பெனினா சிரிக்கல. சிரிக்கிற காரியமும் இல்ல. லிவிங்ஸ்டன்ங்கிறவன் பக்கத்து வீட்டுக்காரன். நாலு வருஷத்துக்கு முன்னால, கோயில் கமிட்டி எலெக்‌ஷன் தகராறுல, அவ அண்ணன் வின்பிரட்ட வெட்டிக் கொன்னவன். ஆயுள் தண்டன. உள்ளதான் இருக்கான்.

“ஒரு நாளு சமாதானம், மறுநா எச்சித் துப்புறது,” ன்னா பெனினா. “ஒண்ணு, அந்த ஒரு நாள வருஷம் பூரா எப்படி வச்சுக்கிறதுன்னு சொல்லுங்க. இல்ல, அந்த ஒரு நாளும் வேண்டாம், தூக்கிப் போடுன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு தெரியணும் எனக்கு.”

“இன்னைக்கு என்ன கெழம?”

“செவ்வா.”

“அப்ப இன்னைக்கு ஒரு தட்டு கொண்டு போ.”

“எங்க?”

“பதினெட்டாம் நம்பருக்கு.”

பெனினா கையில இருந்த நாரக் கீழ போட்டா.

“ஜூன் மாசத்துலயா? போயி என்ன சொல்ல?”

“டிசம்பர்ல என்ன சொல்லுவ?”

“ஹேப்பி கிறிஸ்மஸ்.”

“அதையே சொல்லு.”

“பைத்தியம்னு சொல்லுவாங்க.”

“டிசம்பர்ல யாரும் சொல்லலயே.”

பெனினா பையைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அன்னைக்குக் காலையில அவ ஒரு காரியம் செஞ்சிருந்தா. அத மட்டும் அக்காகிட்ட சொல்லல.

காலையில வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தாரு. லிவிங்ஸ்டன் பொண்டாட்டி சுகிர்தாவுக்கு வயித்துல புத்து. முத்திப்போச்சு. புருஷனப் பாக்கணும்னு மனு போட்டுருக்கா. மூணு நாளு பரோல்ல விடலாமா, செத்தவன் வீட்டுல உங்களுக்கு ஏதும் ஆட்சேபண உண்டான்னு கேட்டாரு.

அம்மா கனகபாய் பெனினாவத் திரும்பிப் பாத்தா. பெனினாதான் பேப்பர எடுத்தா.

‘மேற்படி கைதி வெளியே வந்தால் எங்கள் உயிருக்கு ஆபத்து உள்ளது. ஆகவே விடுப்பு வழங்கக் கூடாது எனக் கடுமையாக ஆட்சேபிக்கிறோம்.’

கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு. அம்மா கையெழுத்துப் போட்டா. கீழ இவளும் போட்டா. அத ஸ்டேஷன்ல குடுத்து, நகல்ல சீல் வாங்கிக்கிட்டு, அந்த நகல் பைக்குள்ள இருக்க இருக்கத்தான் தேரிக்கு வந்து அப்படிக் கேட்டா: மிச்ச நாளெல்லாம் நாம யாரு?

ஒரு வாரம் அவ வரல.

அடுத்த செவ்வாக்கெழம வந்தா.

“நான் போகல.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“போயிருந்தா இந்த மூஞ்சியோட வர மாட்ட.”

“ஏன் போகலன்னு கேக்க மாட்டியளா?”

“கேக்காட்டாலும் சொல்லுவ.”

“டிசம்பர்ல போறதுக்கு வழக்கம்னு ஒண்ணு இருக்கு. அது முதுகப் புடிச்சுத் தள்ளும், நாம போவோம். மனசுல என்ன இருந்தாலும் அது பாட்டுக்கு நடக்கும். ஜூன்ல என்னைய யாரு தள்ளுவா? வழக்கமும் இல்லாம, மனசும் இல்லாம, நான் எதுக்குப் போயி அந்த வாசல்ல நிக்கணும்?”

அக்கா எந்திரிச்சா. உள்ள போயி ஒரு எவர்சில்வர் தட்ட எடுத்தா. குடத்துத் தண்ணிய ஊத்திக் கழுவுனா. முந்தானையால ஈரத்தத் தொடச்சா. கொண்டாந்து பெனினா மடில வச்சா.

வெறுந்தட்டு.

“இதுல என்னத்த வைக்க?”

“அது ஒன் பாடு.”

“பதில் சொல்லத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க அக்கா. தட்டக் குடுத்து ஏமாத்தாதிய.”

“தெரியல,” ன்னா அக்கா. மறுபடி முருங்கைக்காய எடுத்துக்கிட்டு உக்காந்துட்டா.

அக்கா சொன்னது தப்புன்னு நிரூபிக்கத்தான் பெனினா போனா. வேற எதுக்கும் இல்ல. பஸ் ஸ்டாப் கடையில காராச்சேவு வாங்குனா, ரெண்டு வாழப்பழம் வாங்குனா, தட்டுல வச்சா. போயி நிப்பேன், கதவ மூஞ்சில சாத்துவாங்க, வந்து அக்காகிட்ட சொல்லுவேன்.

ரெண்டு வீட்டுக்கும் நடுவுல முன்னால ஒரு முள்ளுவேலிதான் இருந்துச்சு. வெட்டு நடந்தப்புறம் சுவரு வந்துச்சு. அதுக்கு மேல கண்ணாடிச் சில்லு வந்துச்சு. இப்பப் போகணும்னா தெருவச் சுத்தித்தான் போகணும். பெனினா தட்டோட போறதத் தெரு பூரா பாத்துச்சு. கொழாயில தண்ணி புடிச்சவங்க கொடம் நெறஞ்சு வழியுறதக் கவனிக்கல.

கதவு தெறந்துதான் கெடந்துச்சு.

வாசலுக்கு நேரா கட்டுலு. அதுல சுகிர்தா. முப்பத்தாறு வயசு. போர்வைக்குள்ள ஆளு இருக்காளா இல்லையான்னே தெரியல. பக்கத்துல தையல் மெஷின், பழைய சேலையப் போட்டு மூடி.

சுகிர்தா தட்டத்தான் மொதல்ல பாத்தா.

“யாரு செத்துட்டா?”

“யாரும் சாகல.”

“பின்ன தட்டு எதுக்கு?”

பெனினா கல்ல விட்டெறியிற மாதிரி சொன்னா.

“ஹேப்பி கிறிஸ்மஸ்.”

சுகிர்தா அவள ஒரு நிமிஷம் பாத்தா. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சா. வயித்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, வலியில பல்லக் கடிச்சுக்கிட்டு, நிப்பாட்ட முடியாமச் சிரிச்சா.

“ஒனக்கும் தெரிஞ்சுபோச்சா?”

“என்ன தெரிஞ்சுபோச்சு?”

“எனக்கு டிசம்பர் வராதுன்னு. ஊருக்கே தெரியும்ட்டி. வாரவ எல்லாம் ‘சரியாப் போயிரும், சரியாப் போயிரும்’ங்கா. எனக்குன்னு கிறிஸ்மஸ முன்னாலயே எடுத்துட்டு வந்தவ நீ ஒருத்திதான்.”

“நான் அதுக்கு வரல…”

மேல சொல்ல முடியல. எதுக்கு வந்தேன்னு சொல்லணும்ல.

சுகிர்தா ஒரு காராச்சேவு எடுத்து வாயில போட்டா. முழுங்க முடியாது அவளுக்கு. நாக்குல வச்சு ஊற விட்டா.

“உப்பு நல்லாருக்கு. உக்காரு. நின்னுக்கிட்டே இருக்க.”

பெனினா கட்டுலு ஓரத்துல உக்காந்தா.

“அவிய வாராவ, தெரியுமா? மனு போட்டுருக்கேன். ஒங்க வீட்டுக்குக்கூடப் போலீஸ்காரர் வந்தாராம்லா?”

“ஆமா.”

“எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒங்க அம்மாவ நெனச்சேன். அவ ஒண்ணும் சொல்லிருக்க மாட்டா. பெத்தவ வயிறு எரியும்தான். ஆனா சாகப் போறவ விசயத்துல குறுக்க நிக்க மாட்டா.”

பெனினா வாயத் தெறந்தா. மூடுனா.

காலேஜுல அவ தோத்த வழக்கு கெடையாது.

“இரு, வெறுந்தட்டத் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்லா,” ன்னு சுகிர்தா எந்திரிக்கப் பாத்தா. முடியல. “அந்த மெஷினுக்குக் கீழ ஒரு பெட்டி இருக்கு பாரு, தொற. அடியில பாரு. பேப்பர்ல சுத்தி இருக்கும்.”

பெனினா எடுத்தா. நியூஸ் பேப்பர் மஞ்சப் பூத்துப்போயிருந்துச்சு. உள்ள ஒரு சட்டை. நீலக் கட்டம் போட்டது. காலர் வெறப்பா, பட்டன் எல்லாம் கட்டி, தேய்ச்சு மடிச்சது.

“ஒங்க அண்ணன் கிறிஸ்மஸ்க்குத் தைக்கக் குடுத்தது,” ன்னா சுகிர்தா. “நவம்பர் மொத வாரம் வேலிப் பக்கமா வந்து குடுத்தான். ‘மைனி, போன வருஷம் மாதிரி கைய நீட்டமா வச்சுராதிய’ன்னான். அந்தக் காரியம் நடந்தப்ப ஒத்தக் கைதான் பாக்கி.”

பெனினா சட்டையோட ரெண்டு கையையும் விரிச்சுப் பாத்தா.

“அப்புறம் தச்சு முடிச்சேன். எதுக்குன்னு எனக்கே தெரியல. பாதியில கெடந்தா கண்ண உறுத்துது.”

“நாலு வருஷமா ஏன் குடுக்கல?”

“எப்படிக் குடுக்கட்டும்? வராண்டாவுல வச்சு, மைக்குல நம்பரக் கூப்பிட்டு, போட்டோக்காரன் முன்னால, இதையா தூக்கிக் குடுக்க? வாசலுக்கு யாராவது வந்தாக் கையில குடுக்கலாம்னு இருந்தேன்.” மூச்சு வாங்குச்சு அவளுக்கு. “யாரும் வரல.”

பெனினா சட்டையத் தட்டுல வச்சா.

“வாரேன் மைனி,” ன்னா.

அண்ணின்னு மொற வச்சு அந்த வார்த்தைய அவ சொல்லி நாலு வருஷம் ஆச்சு.

அம்மா கனகபாய் சட்டைய விரிச்சா. மொதல்ல காலர அளந்தா, விரலால. அப்புறம் தோள. அப்புறம் கைய.

“அளவு சரியா இருக்கு,” ன்னா.

பெறகு ரெண்டு நாளு அந்த வீட்டுல அடுப்பு பத்தல.

மூணாம் நாளு பெனினா மெதுவாப் பேச்செடுத்தா. அந்த லெட்டர வாபஸ் வாங்குவமாம்மா.

“எதுக்கு?”

“சுகிர்தா மைனி பாக்கணும்ங்கா.”

“அவ அவளோட ஆளப் பாக்கட்டும்,” ன்னா அம்மா. “எம் மவன நான் எப்பப் பாக்க? அதுக்கு எந்த ஆபீஸ்ல மனு குடுக்கணும்? நீதான் சட்டம் படிச்சவளாச்சே, சொல்லு.”

அந்த நாளும் அப்படியே போச்சு.

சனிக்கெழம தேரிக்கு வந்தா. கையில சட்டை.

எல்லாத்தையும் சொன்னா. ஆட்சேபண எழுதுனதையும் சொன்னா. இந்தத் தடவ கத்தல.

அக்கா கேட்டா: “உயிருக்கு ஆபத்துன்னா எழுதுன?”

“ஆமா.”

“ஆபத்தா?”

“நாலு போலீஸோட வாரவனால என்ன ஆபத்து?”

“பின்ன எதுக்கு எழுதுன?”

“அவன் பாக்கக் கூடாதுன்னு எழுதுனேன். எங்க அண்ணன் வாயில நாங்க தண்ணி ஊத்துனமா? ரோட்டுலயே போயிட்டான். அவனுக்கு மட்டும் பொண்டாட்டி கையப் புடிச்சுக்கிட்டு உக்காரக் குடுத்து வைக்கணுமா?” “அத வாபஸ் வாங்குனா எங்க அண்ணன் ரத்தத்துக்கு என்ன மரியாத? சொல்லுங்க. நீங்கதான் தட்டத் தந்து அனுப்புனிய.”

அக்கா சட்டைய வாங்குனா. திருப்பித் திருப்பிப் பாத்தா. தையல விரலால தடவுனா.

“நல்ல தையல். யாருக்காவது குடுத்துருவமா?”

“யாருக்குக் குடுக்க? இது யாருக்கும் ஆகாது.”

“ஏன்? கிழிசல் இருக்கா?”

“கிழிசல் இல்ல.”

“அழுக்கா இருக்கா?”

“இல்லக்கா. தச்சு முடிச்சப்ப போட ஆளு இல்ல. அவ்வளவுதான்.”

சொன்ன வார்த்தையிலேயே பெனினாவுக்கு சுகிர்தா கெடக்குற கட்டுலு கண்ணுல வந்துச்சு.

சட்டைய அக்கா மடியிலேயே விட்டுட்டு, செருப்பக்கூட சரியா மாட்டாம, மண்ணுல ஓடுனா.

வீட்டுல போயி எழுதுனா. இந்தத் தடவ எழுத்து கோணக் கோணையா வந்துச்சு. அம்மா முன்னால வச்சா.

“வாசி,” ன்னா அம்மா.

வாசிச்சா. ‘எங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.’

அம்மா பேனாவ வாங்குனா.

“கையெழுத்துதான் போடுதேன்,” ன்னா. “மன்னிக்கல. ரெண்டும் வேற வேற.”

ஸ்டேஷன்ல அந்தப் போலீஸ்காரர் பேப்பர வாங்கிப் பாத்தாரு.

“என்னம்மா இது. அன்னைக்கு ஆபத்துன்ன. இன்னைக்கு ஆபத்து இல்லங்கிற. நடுவுல என்ன ஆச்சு?”

“கிறிஸ்மஸ் வந்துச்சு,” ன்னா பெனினா.

“என்னது?”

“ஒண்ணும் இல்ல சார். சீல் போடுங்க.”

“அந்தப் பழைய பேப்பர் மேல போயாச்சே. இது பின்னாலயே போயி அதத் தொரத்திப் புடிக்கணும்.”

அவளே தொரத்துனா. பஸ் ஏறி டவுனுக்குப் போனா. ஒரு மேசைல இருந்து இன்னொரு மேசைக்கு, அங்க இருந்து வேற கட்டடத்துக்கு. நாளைக்கு வான்னவங்க முன்னால நாற்காலியப் போட்டு உக்காந்தா. அவ வாயப் பத்தித் தெரிஞ்சவங்க சீக்கிரம் கையெழுத்துப் போட்டாங்க. தெரியாதவங்களுக்குத் தெரிய வச்சா. புதன்கெழம சாயங்காலம் உத்தரவு ஆச்சு. வியாழக்கெழம காலையில கூட்டிட்டு வாராங்கன்னு சொன்னாங்க.

வியாழக்கெழம காலையில ஆறு மணிக்கு சுகிர்தா போயிட்டா.

பத்து மணிக்கு போலீஸ் வேன் தெருவுக்குள்ள வந்துச்சு. அவனுக்கு யாரும் சொல்லல. வழியில பந்தலப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டான். வேன் நின்னப்புறமும் ரொம்ப நேரம் எறங்கல.

எறங்குனான். தல நரைச்சுப் போயிருந்துச்சு. வலது கையில விலங்கு, அதோட மறு வளையம் ஒரு போலீஸ்காரர் கையில. கூட்டம் வெலகுச்சு. அவன் பெட்டிக்குப் பக்கத்துல போயி நின்னான். மூஞ்சியப் பாத்தான். அழல.

அப்புறம் திரும்பி, கூட்டத்துல பெனினாவத் தேடிப் பாத்தான்.

“மொதல்ல ஆட்சேபணன்னு வந்துச்சு,” ன்னான் லிவிங்ஸ்டன். “வாசிச்சுக் காட்டுனாவ. ஒன் எழுத்துன்னு சொன்னாவ.”

“ஆமா.”

“அப்புறம் ஆட்சேபண இல்லன்னு வந்துச்சு. அதுவும் ஒன் எழுத்துதான்.”

“ஆமா.”

“நடுவுல எத்தன நாளு?”

“பதினொண்ணு.”

அவன் தலைய ஆட்டுனான்.

“இவ எத்தன மணிக்குப் போனா?”

“ஆறு மணிக்கு.”

“நாலு மணி நேரம்,” ன்னான்.

திட்டல. திட்டிருந்தா அவ திருப்பித் திட்டிருப்பா. என்னத்தத் திட்டணும்னு நாலு வருஷமா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தா.

மூணு மணிக்கு எடுத்தாங்க. கல்லறைத் தோட்டத்துக்கு ஊரு பூரா வந்துச்சு, அம்மா கனகபாயத் தவுத்து. கமிட்டிக்காரங்க எல்லாரும் வந்தாங்க. செயலாளர் கையில இங்கயும் ஒரு மைக்கு இருந்துச்சு. டார்கஸ் அக்கா தேரில இருந்து நடந்தே வந்து, பெனினா பக்கத்துல நின்னா.

பெட்டிய எறக்குனாங்க. பாஸ்டர் ஜெபம் பண்ணுனாரு.

“வீட்டுக்காரங்க மண்ணு போடுங்க.”

லிவிங்ஸ்டன் குனிஞ்சான். சங்கிலி குட்டை. அவன் குனிஞ்சா அந்தப் போலீஸ்காரரும் குனியணும். அவரு மொகத்தத் திருப்பிக்கிட்டு வெறைச்சு நின்னாரு. இவன் இடது கையால அள்ளுனான். நீட்டுனான். எட்டல. மண்ணு அவன் கால் மேலயே விழுந்துச்சு.

மறுபடி அள்ளுனான். மறுபடி எட்டல.

செயலாளர் மைக்க ஒரு கையில இருந்து மறு கைக்கு மாத்துனாரு.

“அக்கா,” ன்னா பெனினா, வாய்க்குள்ள. “இனிமே நான் என்ன செய்ய? லேட்டாயிட்டு. எல்லாம் முடிஞ்சுபோச்சு. என்ன செய்யன்னு சொல்லுங்க.”

அக்கா அவளத் திரும்பிப் பாக்கல. குழிக்கு அந்தப் பக்கம் லிவிங்ஸ்டன் கையப் பாத்துக்கிட்டு நின்னா.

பெனினாவும் பாத்தா.

அந்தக் கை. அண்ணன வெட்டுன கைதான்.

குழியச் சுத்திக்கிட்டு நடந்தா. கூட வந்திருந்த எஸ்.ஐ. முன்னால போயி நின்னா.

“சார், விலங்கக் கழட்டுங்க.”

“நீ யாரும்மா?”

“கைதிக்கு விலங்கு மாட்டணும்னா கோர்ட் அனுமதி வேணும். இருக்கா? காட்டுங்க.”

“துஷ்டி நடக்குற எடத்துல வந்து சட்டம் பேசாத.”

“இருக்கா, இல்லையா?”

“ஓடிட்டான்னா நீயா பதில் சொல்லுவ?”

“சொல்லுதேன். வேணும்னா எழுதித் தாரேன். இவர் விசயத்துல எழுதிக் குடுத்து எனக்குப் பழக்கம்தான்.”

எஸ்.ஐ. அவள மேலயும் கீழயும் பாத்தாரு. வெளியூர்ல இருந்து வந்தவரு. சின்னப் பொண்ணு, வெவரம் தெரியாமப் பேசுதுன்னு நெனச்சாரு போல. கொரலத் தாழ்த்திக்கிட்டாரு.

“ஏம்மா, படிச்ச பொண்ணு மாதிரி இருக்க. எரக்கப்படுறதுக்கும் ஒரு ஆளு பாத்து எரக்கப்படணும். இவன் எதுக்கு உள்ள இருக்கான்னு தெரியுமா? ஒருத்தன நடுரோட்டுல வெட்டிக் கொன்னுட்டு வந்தவன். யாரக் கொன்னான்னாவது தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்,” ன்னா பெனினா. “எங்க அண்ணன. கழட்டுங்க.”